மல்லிகைக்கு எந்த எலும்புத்தூள்: பச்சையா, வேகவைத்ததா?

திருமங்கலம் பக்கம் மல்லிகைக்கு எலும்புத்தூள் போடுபவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை இரண்டுக்கும் தனித்தனியாக அளவு சொல்கிறது: பச்சைத் தூளில் மொத்த பாஸ்பேட் குறைந்தது 20 சதவீதம், வேகவைத்ததில் 22.

காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, மூக்குக்குத்தான் தெரியும். பச்சைத் தூள் மூட்டையை அவிழ்த்தாலே கொழுப்பு நாற்றம். போட்ட அன்று இரவே தெருநாய்கள் பாத்தியைக் கிளறி, எனக்கு ஆறு செடி போனது. சரி, செடி போனால் வேறு நடலாம். மாடுகளுக்கு வரும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் விஷயம் அப்படியில்லை. அந்தக் கிருமியின் வித்துகள் உலர்ந்த எலும்பிலும் பல வருடம் உயிரோடு கிடக்கும். தூசியோடு மூச்சில் போனால் ஆளுக்கே ஆபத்து.

அதை அடக்குவது அழுத்த நீராவி. ஐரோப்பிய விதிகளில் உள்ள ஒரு முறை 133 டிகிரி, 3 பார் அழுத்தம், 20 நிமிடம் என்று கறாராகச் சொல்கிறது. நான் வாங்கிய மூட்டையில் ‘வேகவைத்தது’ என்பதோடு சரி, எத்தனை டிகிரி என்று இல்லை. இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

கரிசல்காரர்களுக்கு மட்டும் ஒன்று: காரத்தன்மை உள்ள மண்ணில் இரண்டுமே லேசில் கரையாது. முதலில் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் எதை வாங்கினாலும், துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டே கொட்டுங்கள்.