மேசைக்குப் போடும் கண்ணாடி ஷீட்: வார்னிஷ் அடிக்கும் வரை தாங்குமா?

டவுன் கடைகளில் உருளையிலிருந்து மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிறார்களே, அந்தத் தெளிவான பீ.வீ.சீ. ஷீட்டைப் பற்றியது இது. கீறல் விழுந்த பழைய தேக்கு, பலா மேசைகளை பாஸ் (தச்சு வேலைக்காரர்) வந்து வார்னிஷ் அடிக்கும்வரை காப்பாற்ற பலரும் வாங்குவது இதைத்தான். புதுக் கீறல் விழாமல் தடுக்க நல்ல சாமான். ஆனால் மரத்தின்மேல் நேரே போட்டால் மேசையைக் கெடுப்பதும் இதேதான்.

ஷீட் வளைந்து கொடுப்பதற்கென்று சேர்க்கும் எண்ணெய்ப் பொருள், நாள்பட நாள்பட பழைய வார்னிஷுக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். சில மாதம் கழித்து இழுத்தால் வார்னிஷ் தோல்போல் ஷீட்டோடு உரிந்து வரும். பிரெஞ்சு பொலிஷ் (அரக்குப் பூச்சு) போட்ட மேசை என்றால் இன்னும் மோசம். போதாததற்கு மலையகத்து ஈரம். மூடுபனி நாட்களில் அடியில் சிக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. கீறல் வழியே உள்ளே போய் வெள்ளை பூக்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

அதனால் இடையில் வெள்ளைப் பருத்தித் துணி கட்டாயம் வேண்டும். பழைய படுக்கை விரிப்பே போதும். சாயத்துணி வேண்டாம், நனைந்தால் நிறம் மரத்தில் ஏறிவிடும். கிழமைக்கொரு தடவை இரண்டையும் தூக்கி, மேசையை அரைநாள் காற்றாட விடுங்கள். ஷீட்டில் 1 மில்லிமீற்றர் தடிப்பு சரியாக இருக்கும். அதைவிட மெல்லியது சுருங்கி மடியும். பிளேன்டீ கோப்பைக்கு ஒன்றும் ஆகாது, கொதிக்கும் கேத்தலுக்கு மட்டும் பலகை வையுங்கள்.

மூடுவதற்கு முன் கீறலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் வார்னிஷ் இன்னும் இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் வெறும் மரம். அது காய்ந்தபின் தேன்மெழுகு பேஸ்ட்டை மெல்லியதாகத் தேய்த்து, சற்று நேரம் விட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தை விட்டுவிடலாம். அது காயவே காயாது, பிறகு சிக்கு வாடைதான் மிஞ்சும்.

பளபளப்புக்கு விற்கும் ஸ்பிரே போத்தல்களைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது மரத்தில் இறங்கினால் பின்னர் அடிக்கும் வார்னிஷ் அங்கங்கே விலகி, குழி குழியாக நிற்கும். சாண்ட் பேப்பர் போட்டாலும் இலேசில் போகாது. மெழுகு அப்படியல்ல. டர்பன்டைன் நனைத்த துணியால், துணியை மாற்றி மாற்றித் துடைத்தால் வந்துவிடும். மெழுகை எடுக்காமல் தேய்க்கத் தொடங்கினால் 120 இலக்கத் தாள் சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு காலம் மூடி வைப்பது? உங்கள் பக்கத்துத் தேயிலையின் தரமான பருவம், அதாவது வாசமான கொழுந்து வரும் வறண்ட மாதங்கள், வரும்வரை. டிம்புள்ள பக்கம், அட்டன், தலவாக்கலையில் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கம், பண்டாரவளை, பதுளையில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கொழுந்துக்கு வாசம் ஏற்றும் அந்த வறண்ட காற்றுதான் வார்னிஷையும் ஒழுங்காகக் காயவைக்கும். மழைக்குள் அடித்தால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். லேக்கர் என்றால் வெளுத்துவிடும்.

அடித்து முடிந்ததும் ஷீட்டைத் திரும்ப விரிக்க அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் எண்ணெய் வார்னிஷ் உள்ளே இறுக ஒரு மாதமாவது எடுக்கும்.