காசு கொடுத்துக் கவிழ்ந்த இரண்டு நாள்: உப்புவெளிக் கயாக் பயிற்சி எப்படி?

பயிற்சி தந்த இடத்தின் பெயரைப் போட்டால் விளம்பரம் என்பீர்கள், குறையும் சொல்லப்போகிறேன், திருகோணமலை சின்ன ஊர், ஆகவே பெயர் இல்லை. உப்புவெளிப் பக்கம் போய், முதல் நாளே ஆளைத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்க்கிற இடம் எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆடி மாதம், மச்சான் கொழும்பிலிருந்து வந்திருந்தபோது, வேறொரு இடத்தில் மணிக்கணக்குக்கு ஒரு கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒடுங்கிய சின்னப் படகு, வாடகைக்கு எடுத்தோம். துடுப்பைத் தந்தார்கள், கொக்கி உடைந்த லைஃப் ஜாக்கெட் இரண்டைத் தந்தார்கள், காசை வாங்கினார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, கோணேசர் மலை தெற்கே வடிவாகத் தெரிந்தது, மச்சான் படம் எடுத்தான். இருபது நிமிடம் சும்மா மிதந்தோம். திரும்பலாம் என்று பார்த்தால் கரையில் நின்ற ஆட்கள் தீக்குச்சி அளவில் இருந்தார்கள். துடுப்புப் போடுகிறோம், போடுகிறோம், கரை கிட்ட வரவே இல்லை. கடைசியில் வலை இழுத்துவிட்டுத் திரும்பிய வள்ளமொன்றுதான் கயிறு போட்டு இழுத்து வந்தது. வள்ளத்திலிருந்த ஐயா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “தம்பி, கச்சான் அடிக்கிற நேரம் இந்தப் பிளாஸ்டிக் பெட்டியிலயா வாறது?”

கச்சான் என்றால் வறுத்துத் தின்கிற கடலை மட்டும்தான் என்று நினைத்திருந்த மச்சானுக்கு அன்றைக்குத்தான் அது ஒரு காற்றின் பெயர் என்று தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. பொல்லாப்பு எங்கே என்றால், தரை மறைப்பதால் கரையோரம் அலையே இருக்காது. வெளியே போகப் போகத்தான் அலை வளரும், அதற்குள் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கும். வெளிநாட்டுக்காரர் வரும் பருவமும் அதுதான், மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாகத் தெரிகிற அதே மாதங்கள். வாடைக்காலத்துக் கடலைப் பார்த்தால் எவனும் இறங்க மாட்டான், அதனால் அது ஒருவகையில் நேர்மையான கடல்.

சரி, பயிற்சிக்கு வருவோம். இரண்டு காலை, ஆறேகாலிலிருந்து பத்து மணி வரை, நடுவில் ஒரு மாலை. ஐந்து பேர் இருந்தோம். கற்றுத்தந்தவர் மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன், வயது முப்பது இருக்காது, என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார், ஆனால் தண்ணீருக்குள் அண்ணா தம்பி எல்லாம் கிடையாது, “குனி, குனி, குனி!” தான்.

முதல் அரைமணி ஜாக்கெட்டுக்கே போனது. போட்டு, பட்டி எல்லாம் இறுக்கி, பிறகு இன்னொருவர் பின்னால் நின்று இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். காதுவரை ஏறினால் கழற்றிவிட்டு வேறு அளவு. எனக்கு மூன்றாவதுதான் சரிவந்தது. புறாமலைத் தீவுக்குப் படகில் போகிறபோது ஒரே அளவுச் செம்மஞ்சள் ஜாக்கெட்டைச் சால்வை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை தரம் போயிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

அடுத்தது கவிழ்தல். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவுத் தண்ணீர். இது உள்ளே கால் நீட்டி உட்காருகிற வகைக் கயாக், தண்ணீர் வராமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு துணி மாட்டி வாய்ப்பகுதியை மூடுவார்கள், அங்கே எல்லோரும் அதைப் பாவாடை என்றே சொல்கிறார்கள், நானும் பழகிவிட்டேன். பாவாடையின் முன்பக்கம் ஒரு வளையம் இருக்கும். கவிழ்ந்ததும் முன்னால் குனிந்து, அந்த வளையத்தைப் பிடித்து முன்னே தள்ளி மேலே இழுத்து, இரண்டு கையையும் இடுப்புப் பக்கம் ஊன்றி, காற்சட்டை கழற்றுகிற மாதிரிக் கயாக்கைக் கழற்ற வேண்டும். கேட்க லேசு. முதல்தரம் மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியதும் எனக்கு வளையமும் ஞாபகமில்லை ஒன்றும் ஞாபகமில்லை, மேலே வரத்தான் உடம்பு துடிக்கிறது, அப்படி நிமிர்ந்தால் கால் உள்ளே இன்னும் இறுகும். பெடியன் பக்கத்திலேயே நின்றார். இரண்டாம் தரம், “கவிழ்ந்ததும் அடிப்பக்கத்தை மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் வளையத்தைத் தேடவேண்டும்” என்றார். அந்த மூன்று தட்டுத்தான் விஷயமே. தட்டுகிற நேரத்தில் பதற்றம் இறங்கிவிடுகிறது. ஏழாம் தரம் நான் கீழே கண்ணைத் திறந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசுக்கு உண்மையில் பெறுமதி என்றால் அதற்குப் பிறகு நடந்த மீட்புப் பயிற்சிதான். ஆழத்தில் ஒருவர் கவிழ்ந்துவிட்டால், மற்றவர் தன் கயாக்கை அவருடைய கயாக்கின் மூக்குக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும், இரண்டும் ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி நிற்கும். கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே இருக்க, அதன் மூக்கைத் தூக்கித் தன் மடிமேல் இழுத்தால் உள்ளே போன தண்ணீர் வாய்வழியாகக் கொட்டிவிடும். இருக்கைக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருப்பதால்தான் அப்படிக் கொட்டும், சுவர் இல்லாத மலிவுக் கயாக்கில் இந்த வித்தை பலிக்காது, அதையும் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார்கள். பிறகு நிமிர்த்தி, பக்கத்துப் பக்கமாக ஒட்டிப் பிடித்துக்கொள்ள, தண்ணீரில் கிடப்பவர் காலை உதறிக்கொண்டு வயிற்றால் பின்தளத்தில் ஏறி, பின்பக்கம் பார்த்தபடி காலை உள்ளே நுழைத்து, அப்படியே திரும்பி உட்கார வேண்டும். என்னோடு சோடி சேர்ந்த அக்கா ஒரு பாடசாலை ஆசிரியை, நீச்சல் அரைகுறை, முதலில் என்னை நம்பவேயில்லை. நான்காம் முறை என்னை இரண்டு நிமிடத்துக்குள் ஏற்றிவிட்டா. நான் அவவை ஏற்ற ஐந்து நிமிடம் ஆனது, அதில் ஒரு தரம் துடுப்பையும் விட்டுவிட்டேன்.

துடுப்புப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழு என்றார்கள், இரண்டாம் நாள் தோள் வலிக்காததால் அது உண்மை என்று தெரிந்தது. ஆனால் ஒரு சின்ன விஷயம் பிடித்திருந்தது. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கிற இரண்டு பொருளை, எங்களுக்கு ஒரு தென்னையும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கியும், ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். துடுப்பை நிறுத்தியபின் தாங்கி தென்னையை விட்டு விலகினால் நீங்கள் இழுபடுகிறீர்கள், எந்தப் பக்கம் என்பதும் தெரியும். கரைக்கு நேரே வெளியில் தள்ளுகிற காற்றில் கோடு விலகாது, அப்போது ஆட்கள் சிறுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நானும் மச்சானும் அன்றைக்குச் செய்யாதது அதைத்தான்.

இறங்குமுன் தேநீர்க்கடை அக்காவிடம் ஒரு துண்டுத் தாள் கொடுப்பார்கள்: எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாருக்கு அழைப்பது, கீழே பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. அக்கா அதைச் சீனிப் போத்தலுக்கு அடியில் வைப்பா. கைபேசி தண்ணீர் புகாத பையில், கயாக்கில் அல்ல, உடம்பில் கட்டி. கயாக் போனாலும் ஆளோடு கைபேசி இருக்க வேண்டும் அல்லவா. காற்றுக்குத் தனிச் சட்டம்: மரத்தின் கிளை ஆடத் தொடங்கினால் பாடம் முடிந்தது. இரண்டாம் நாள் ஒன்பதே காலுக்கே கரையேற்றிவிட்டார்கள், ஒருவர் முணுமுணுத்தார், நான் வாயே திறக்கவில்லை.

இனிக் குறை. விளம்பரத்தில் “மலையும் கடலும்” என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மலை என்பது அந்த நடு மாலையில் மணலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கேட்ட ஒரு மணிநேரப் பேச்சு. பேச்சு மோசமில்லை. மலையில் வழிதவறினால் நிமிடத்துக்கு ஆறு தரம் விசில், பிறகு ஒரு நிமிடம் சும்மா, திரும்ப ஆறு, பதில் வந்தால் அது மூன்று தரமாக வரும் என்பதெல்லாம் எனக்குப் புதிது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் மூடுபனி இறங்கினால் நடக்காதே, நின்ற இடத்தில் நில் என்றதும் சரிதான். திசைகாட்டியும் காட்டினார்கள், எனக்கு மட்டும் வடக்கு நிலாவெளிப் பக்கம் இல்லாமல் கடலுக்குள் போனது, பார்த்தால் மடியில் கைபேசி, அதன் காந்தம் முள்ளை இழுத்திருக்கிறது. சிரித்தோம், கற்றோம். என்றாலும் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற அளவு ஏற்றம்கூட இல்லாமல் அதை மலைப் பயிற்சி என்று விற்பது சரியில்லை. மலை வேண்டுமென்றால் இதற்காக வராதீர்கள்.

உடுப்பு மாற்ற இடம் என்பது ஓலைத் தட்டியும் ஒரு வாளியும். பெண்களுக்கு அது போதாது, ஆசிரியை அக்கா நனைந்த உடுப்போடேயே ஓட்டோவில் போனா. கொடுத்த குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் மட்டும், வாயால் தமிழில் இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு பக்கம் எழுதித் தர என்ன கஷ்டம்? சிறு பிள்ளைகளின் அளவில் ஜாக்கெட்டே இல்லை.

ஒருவருக்குப் பதினாறாயிரம் ரூபா. கொழுத்த காசுதான். வாடகைக் கயாக்கில் ஒரு மணிநேரம் மிதப்பதற்கு இதெல்லாம் எதற்கு என்று மச்சான் தொலைபேசியில் கேட்டான், வள்ளக்கார ஐயாவுக்கு அன்றைக்குக் கொடுத்த எண்ணெய்க் காசை ஞாபகப்படுத்தினேன், பேச்சை மாற்றிவிட்டான். நீச்சல் சுத்தமாகத் தெரியாதவர்கள் முதலில் அதைப் பழகிவிட்டு வரட்டும். போகிறவர்கள் நீளக்கைச் சட்டை போடுங்கள், ஏழரைக்கே வெயில் சுடும், தண்ணீர் இரண்டு லீற்றர் கொண்டுபோங்கள், அங்கே தருவது போதாது.

பன்னிரண்டு வயது மகளுக்கும் வேண்டுமாம். அடுத்த பருவத்துக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன், அவளுக்கு அளவான ஜாக்கெட்டை என் கண்ணில் காட்டிய பிறகுதான் காசு என்றும் பெடியனிடம் சொல்லியிருக்கிறேன். “வாங்கி வைக்கிறன் அண்ணா” என்றார். பார்ப்போம்.