24 வோல்ட் சப்ளை: மோட்டார் கிளம்பும் நொடியில் எது தாங்கும்?

இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பேனலுக்கு 24 வோல்ட் டிசி சப்ளை வாங்குவோர் பெரும்பாலும் பார்ப்பது, அதன் மேல் எழுதப்பட்ட ஆம்பியர் எண்ணை மட்டும்தான். ஆனால் 10 ஆம்பியர் என்று அச்சிட்ட நான்கு வகைச் சப்ளைகளும் 9 ஆம்பியர் சுமையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். பத்தைத் தாண்டிக் கேட்கும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும்.

ஒரு கன்வேயரை எடுத்துக்கொள்வோம். இரண்டு டிசி மோட்டார்கள், ஓடும்போது தலா 2.5 ஆம்பியர். சுழலத் தொடங்கும் முன் சுழற்சியால் மோட்டாருக்குள் உருவாகும் எதிர் மின்னழுத்தம் எதுவும் இல்லாததால் சுருளின் மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கிறது, அது 1.6 ஓம் என்றால் தலா 15 ஆம்பியர். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 30 ஆம்பியர். அதே சப்ளையில், இயந்திரத்தை நடத்தும் சிறு கணினியான பிஎல்சியும் தொங்குகிறது. ஐஈசி 61131-2 தரத்தின்படி பிஎல்சிக்கு 20.4 முதல் 28.8 வோல்ட் வரை வேண்டும்.

ஹிக்கப் (விக்கல்) வகை எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்சிங் முறையில் இயங்கும் எலக்ட்ரானிக் சப்ளை, இந்தச் சுமையைக் கண்டதும் வெளியீட்டை அடியோடு நிறுத்திவிட்டு, சற்றுக் காத்திருந்து மறுபடியும் முயலும். மோட்டார் ஒரு துடிப்புத் துடித்து நிற்கும், பச்சை எல்ஈடி கண் சிமிட்டும், ரிலேக்கள் டக் டக்கென்று அடிக்கும்; சுமையைக் குறைக்கும் வரை இதே கதைதான். உள்ளீட்டில் பெரிய கெபாசிட்டர் கொண்ட, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களிலும் இதே சிக்கல் வரும், ஏனெனில் அவை நிரம்புவதற்குள் சப்ளை கைவிட்டுவிடுகிறது. ஷார்ட் ஆன இடத்தில் கம்பி சூடாகாது என்பது இதன் உண்மையான நன்மை. பிஎல்சி, எச்எம்ஐ (இயக்குபவரின் திரை) போன்ற சாதுவான சுமைகளுக்கு இது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

நிலை மின்னோட்ட வகை நிறுத்தாது; சுமார் 11 ஆம்பியரில் பிடித்துக்கொண்டு மின்னழுத்தத்தைத் தாழ்த்தும். 20,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை அது 50 மில்லிநொடிக்குள் நிரப்பிவிடும். நம் கன்வேயரில், இணையாக நிற்கும் இரண்டு சுருள்களின் 0.8 ஓமுக்கு 11 ஆம்பியர் என்றால் 8.8 வோல்ட்தான் மிஞ்சும். சுமை லேசாக இருந்தால் மோட்டார்கள் மெதுவாகவேனும் கிளம்பிவிடும், பிஎல்சியோ அணைந்துவிடும்.

இதற்கு மருந்தாக விற்கப்படுவது, சிறிது நேரத்துக்கு மட்டும் கூடுதல் மின்னோட்டம் தரும் பூஸ்ட் வகை. உதாரணமாக, மீன்வெல் எஸ்டிஆர் வரிசை 150 சதவீதச் சுமையை 3 நொடி வரை தாங்கும். 15 ஆம்பியர் என்றால் நம் கணக்கில் 12 வோல்ட். மோட்டாருக்கு இது நல்ல வேகம். பிஎல்சிக்கு இன்னும் போதாது. பூஸ்ட் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே சப்ளையில் கோப்பவர்கள் இந்த எளிய பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பழைய டிரான்ஸ்பார்மரும் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் இங்கேதான் மானத்தைக் காப்பாற்றுகின்றன. சுமையின்றி 26.4 வோல்ட்டும் முழுச் சுமையில் 24 வோல்ட்டும் தரும் ஒன்று, அந்த முதல் நொடியில் ஏறத்தாழ 25 ஆம்பியர் தந்தும் 20 வோல்ட்டை ஒட்டி நிற்கும். சில நூறு மில்லிநொடி மிகைச்சுமை இரும்புக்கும் செம்புக்கும் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கனம் அதிகம், இடம் அடைக்கும், லைன் மின்னழுத்தம் 10 சதவீதம் ஏறினால் வெளியீடும் அப்படியே ஏறும். சாலினாய்டு, பிரேக் சுருள் ஆகியவற்றுக்கு இன்றும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஷார்ட் ஆகும்போது எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுமா என்பது தனிக் கேள்வி. 6 ஆம்பியர், சி வகையான சி6 எம்சிபியின் காந்த ட்ரிப் (உடனடித் துண்டிப்பு) உறுதியாக வேலை செய்ய ஏசியில் 60 ஆம்பியர் வேண்டும், டிசியில் அதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஃபீனிக்ஸ் கான்டாக்ட் நிறுவனத்தின் குவின்ட் சப்ளைகள் இதற்காகவே பெயரளவு மின்னோட்டத்தின் 6 மடங்கைச் சில மில்லிநொடிகளுக்குத் தள்ளுகின்றன. ஆனால் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 20 மீட்டர் போய்த் திரும்பினால் அதன் மின்தடையே அரை ஓமை நெருங்கும். 24 வோல்ட்டில் 50 ஆம்பியருக்கு மேல் எந்தச் சப்ளையாலும் அதில் செலுத்த முடியாது. நீளமான கிளைகளுக்கு ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே துண்டிக்கும் எலக்ட்ரானிக் பிரேக்கரே சரி.

எனவே இந்தக் கன்வேயருக்கு என் தேர்வு: பிஎல்சிக்குத் தனியாக ஒரு சிறிய சப்ளை, மோட்டார்களுக்குப் பூஸ்ட் உள்ள நிலை மின்னோட்ட வகை, இரண்டு மோட்டார்களும் அரை நொடி இடைவெளியில் கிளம்பும்படி புரோகிராமில் ஒரு டைமர். அந்த டைமருக்குச் செலவே இல்லை. முதல் மோட்டார் வேகம் பிடித்த பிறகு இரண்டாவது கிளம்புவதால் உச்சத் தேவை 30-லிருந்து 18 ஆம்பியருக்கு அருகில் இறங்கிவிடுகிறது. கத்திரி வெயிலில் மூடிய பேனலுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும் இடமாக இருந்தால், டேட்டாஷீட்டில் உள்ள டீரேட்டிங் (வெப்பம் ஏற ஏறக் குறையும் திறன்) வரைகோட்டைப் பார்த்து ஓர் அளவு பெரிதாக வாங்குவது நல்லது.