பொதுமக்களுக்கான சிந்தனைப் பயிற்சி: திருகோணமலை வகுப்பு பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகரில் வார இறுதிகளில் நடைபெறும் விமர்சனச் சிந்தனை வகுப்பில் கடற்றொழிலாளர், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் ஒன்றாக அமர்ந்து பயில்கிறார்கள். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனையே இதில் மிகச் சிறந்த பகுதி. 2, 4, 6 என்ற வரிசையின் விதியைக் கண்டறியச் சொன்னபோது, 8, 10, 12 என எங்கள் ஊகத்துக்குச் சாதகமான எண்களையே அடுக்கினோம். ஊகத்தைப் பொய்யாக்கக்கூடிய 1, 2, 3ஐ முயன்றவர் ஓர் அம்மா மட்டுமே. எந்த ஏறுவரிசையும் பொருந்தும் என்பதே விதி.

2004ஆம் ஆண்டுப் பேரலையில் உறவுகளை இழந்த இந்த ஊரில், "மீண்டும் சுனாமி" என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை எவ்வாறு சோதிப்பது என்ற பாடம் மிகுந்த பொறுப்புடன் நடத்தப்பட்டது; பேசுபவர் யார், எப்போது பதிவானது, வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்துள்ளதா என்று வரிசையாகக் கேட்கப் பழக்கினார்கள். அச்சத்தை ஏளனம் செய்யாமல் கற்பித்த விதம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

மருந்து விளம்பரங்களில் வரும் சதவீதங்களை விளக்கும் பகுதியை அவசரமாக முடித்தது பெருங்குறை. அதற்குத் தனி அமர்வே தேவை. மூதூரிலிருந்து வருவோர் வீடு திரும்புவதற்கு ஏற்ப வகுப்பைச் சற்று முன்னதாக முடிப்பதும் நல்லது.