பைக்கில் முன்பல் குறைத்தால் மைலேஜ் ஏறாது, மீட்டர்தான் கூட்டிக் காட்டும்: சேலம் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

ஏற்காடு ஏறும்போது இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி திணறுகிறது என்று சேலத்தில் ஒரு பட்டறைக்கு வந்த வண்டி இது. செயின் ஓடும் பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட்; இன்ஜின் பக்கம் இருப்பது முன்பல், பின்சக்கரத்தில் இருப்பது பின்பல். கம்பெனி அளவில் முன்பல்லில் 15 பல், பின்பல்லில் 45. முன்னால் 14 பல் ஸ்பிராக்கெட் போட்டு, "பிக்கப் கூடும், மைலேஜும் கூடும், மீட்டருக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லிட்டருக்கு 40 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அடுத்த ஃபுல் டேங்கில் 42 காட்டியது. பட்டறைக்காரர் சொன்ன மைலேஜுக்கு அந்த 42தான் சாட்சி ஆகிவிட்டது. பிறகு மொபைல் ஜிபிஎஸ்ஸுடன் ஒப்பிட்டால் வேகம் ஒத்துவரவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு "சென்சார் போயிருக்கும் சார்" என்று புது சென்சார் மாட்டி அதற்கும் பணம் வாங்கினார்கள். சென்சாரை மாற்றியும் மீட்டர் முன்போலவே காட்டியது.

பழைய சென்சாரில் எந்தக் கோளாறும் இல்லை. இந்த வண்டியில் மீட்டருக்கு வேகம் சொல்வது சக்கரம் இல்லை, கியர்பாக்ஸ். முன் ஸ்பிராக்கெட் உட்கார்ந்திருக்கும் ஷாஃப்டின் சுற்றைத்தான் சென்சார் எண்ணுகிறது. 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற அந்த ஷாஃப்ட் 3 சுற்று சுற்றும். 14 பல் போட்டால் அது 3.21 ஆகிறது. சாலையில் வேகம் மாறவில்லை, ஷாஃப்ட் மட்டும் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. மீட்டருக்குப் பல் மாறியது தெரியாது. அதனால் உண்மையில் 56-இல் போகும்போது 60 காட்டும். ஓடோமீட்டரும் இதே கணக்குதான்: 1000 கிலோமீட்டர் ஏறியிருந்தால் வண்டி ஓடியது 933 தான். அந்த 42-ஐ 15-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்குங்கள், 39.2 வரும். மைலேஜ் கூடவில்லை, குறைந்திருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் வாரண்டி இருக்கும் வண்டி என்றால் அதுவும் சீக்கிரமே தீரும்.

நெடுஞ்சாலைக்காக 16 பல் போடச் சொல்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அப்போது மீட்டர் குறைத்துக் காட்டும். 75 என்று நம்பி ஓட்டுவீர்கள், வண்டி 80-இல் போய்க்கொண்டிருக்கும்.

எல்லா வண்டிக்கும் இந்தச் சிக்கல் வராது. முன்சக்கரத்திலிருந்து கேபிள் வரும் மீட்டரோ, சக்கரத்தில் ஏபிஎஸ் வளையத்தைப் பார்க்கும் சென்சாரோ இருந்தால் பல் மாற்றியதால் மீட்டர் மாறாது. உங்கள் வண்டி எந்த வகை என்று வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றுங்கள். விரல் செயின் பக்கம் போகவே கூடாது. மீட்டர் அசைந்தால், சென்சார் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். முன் ஸ்பிராக்கெட் கவர் பக்கம் இன்ஜினுக்குள் போனால் இந்தக் கணக்கு முழுக்க உங்களுக்குப் பொருந்தும். பின் டிஸ்க் அருகில் இருக்கும் பல் வளையத்துக்குப் போனால் பயமில்லை.

பல் மாற்றும் முன்பே ஓர் அளவு எடுத்துவையுங்கள். கம்பெனி மீட்டரே பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதையும் பல்லின் மேல் போட்டுவிடக் கூடாது. உளுந்தூர்பேட்டை சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டி டிரிப் மீட்டர் எவ்வளவு ஏறியது என்று குறியுங்கள். மாற்றியபின் அதே கல்லிலிருந்து அதே தூரம். முதலில் 10.0 காட்டியது இப்போது 10.7 என்றால் காரணம் பல்தான். சென்சாரும் வாங்க வேண்டாம், மீட்டரும் வாங்க வேண்டாம். சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் மாட்டும் சிக்னல் திருத்தும் பெட்டி கிடைக்கிறது. 15-க்கு 14 போட்டிருந்தால் அதில் 6.7 சதவீதம் குறைத்து வைக்க வேண்டும்.

அந்தப் பட்டறை கொடுத்த ரசீதில் இன்னொன்றும் இருந்தது. எழுதியது "செயின் ஸ்பிராக்கெட் செட்", மாட்டியது முன்பல் மட்டும். பின்பல்லும் செயினும் பழையவை. தேய்ந்து நீண்ட செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே கொக்கி மாதிரி அரித்துவிடும். பின்பல்லின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் செயின் முடிந்தது, மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். முன்பல்லில் ஒன்று குறைந்தால் பின் ஆக்ஸில் 3, 4 மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். இந்த வண்டியில் அதையும் செய்யாமல் செயினைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

14 பல் போட்டது தப்பில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இழுவை நன்றாகத் தெரியும், இறங்கும்போது இன்ஜின் பிரேக்கும் கூடுதலாகப் பிடிக்கும். தினமும் பைபாஸில் ஓடும் வண்டிக்கு மட்டும் வேண்டாம், இன்ஜின் சும்மா அலறும். போடுவதாக இருந்தால் கழற்றிய பழைய ஸ்பிராக்கெட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். பல் எண்ணிக்கை அதன் மேலேயே பொறித்திருக்கும். ரசீதிலும் முன்பல் எத்தனை, பின்பல் எத்தனை, செயின் புதிதா என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.