நிஞ்சா பில்டு டூல்: பக் தேடுறதுக்கும் இதுதான் கை கொடுக்குது

சோர்ஸ் கோடை ஓடுற புரோகிராமா மாத்துறதுதான் பில்டு, அந்த வேலையைச் செய்ற டூல் நிஞ்சா. வேகமா பில்டு ஆகுதுன்னுதான் எல்லாரும் இதைப் புகழ்வாங்க, குரோம் பிரவுசருக்காக இவான் மார்ட்டின் எழுதினது, வேகம் உண்மைதான். ஆனா எனக்குப் பிடிச்சது வேற.

போன மாசம் கிளீன் பில்டு (பழசை அழிச்சிட்டு முதல்ல இருந்து) போட்டா நாலு தடவைக்கு ஒரு தடவை, பில்டு நடக்கும்போதே உருவாகுற ஒரு ஹெடர் ஃபைலை (மத்த சி ஃபைல்கள் உள்ள இழுத்துக்கிறது) காணோம்னு எரர், திரும்ப ஓட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி பாஸ் ஆகிடும். -j 1 (ஒரு நேரத்துல ஒரே வேலை) போட்டு ஓட்டினா எரரே வரலை, அப்பவே புரிஞ்சிடுச்சு, ஏதோ டிபென்டன்சி (எதுக்கு முன்னாடி எது முடியணும்ங்கிறது) சொல்லாம விட்டிருக்குன்னு. பில்டு முடிஞ்சதும் ninja -t missingdeps ஓட்டினேன், எந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைல் ஆகி வர்றது) எந்த ஹெடரை யூஸ் பண்ணுது, அந்த ஹெடரை எந்த ரூல் உருவாக்குதுன்னு பேரோட வந்து விழுந்துச்சு! ரெண்டு நாள் தலைவலி ஒரே கமாண்டுல போச்சு.

தப்பு நிஞ்சாவோடது இல்ல, எதை எந்த வரிசையில செய்யணும்னு நிஞ்சாவுக்குச் சொல்ற பில்டு ஃபைலை எழுதித் தர்ற வேற ஒரு ஓப்பன் சோர்ஸ் டூலோடது. மொத்த புராஜெக்டையும் தூக்கி அனுப்பாம ஒரு சி ஃபைல், ஒரு ஸ்கிரிப்ட், வெர்ஷன் நம்பர், இந்த அவுட்புட் இவ்வளவுதான் வச்சு ரிப்போர்ட் போட்டேன், பராமரிக்கிறவர் தன் மெஷின்ல அப்படியே வரவச்சுப் பாத்து சரி பண்ணி, கூடவே ஒரு டெஸ்டும் சேர்த்தாரு (அந்த டெஸ்ட் ரொம்ப முக்கியம், இல்லன்னா அதே பக் திரும்ப வரும்).

குறைன்னா, பில்டு ஃபைலைக் கையால எழுதுறது கஷ்டம், அதை எழுதித் தர்ற சிமேக், மெசான் மாதிரி ஒரு டூலும் கூட வேணும். தேவையில்லாம ரீபில்டு ஆனா ninja -d explain போட்டுப் பாருங்க, காரணத்தை வரிவரியா சொல்லிடும். அஞ்சுக்கு நாலரை.