256 ஜிபி கார்டு, உள்ளே 32: ஆவணப்படம் எடுப்பவர்கள் கவனத்துக்கு

இணையத்தில் மெமரி கார்டு வாங்கிப் படம் எடுப்பவர்கள், அடுத்த படப்பிடிப்புக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில், பிரபல பிராண்டின் பெயர் போட்ட 256 ஜிபி எஸ்டி கார்டு வாங்கினேன். அடிமாட்டு விலை எல்லாம் இல்லை, மற்ற இடங்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உறை, ஹாலோகிராம், வரிசை எண் எதிலும் குறை தெரியவில்லை. கேமராவில் ஃபார்மேட் செய்தால் முழுக் கொள்ளளவையும் காட்டியது. உண்மையில் உள்ளே இருந்தது 32 ஜிபிதான்.

கார்டின் நினைவகத்தை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் என்ற சின்னச் சில்லின் மென்பொருளை மாற்றி, யார் கேட்டாலும் 256 என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். கேமராவும் நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் சிவப்பு விளக்கு எரியும், நேரம் ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. அதற்கு மேல் எழுதுவதெல்லாம் எங்கும் பதியாமல் போகும். சில போலிகள் இன்னும் மோசம்: முதலில் எடுத்ததன் மேலேயே எழுதி அதையும் அழித்துவிடும். 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 32 ஜிபி முக்கால் மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது.

நான் எடுத்தது ஒரு முதியவரின் நீண்ட நேர்காணல். கணினியில் செருகியதும் ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன. பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. முதல் சில கிளிப்புகளுக்குச் சிறுபடம் தெரிந்தது, அப்புறம் எல்லாம் வெற்றுக் கட்டங்கள். ஒன்றை, ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், மேலிருந்து கீழ்வரை 00 00 00 தவிர வேறெதுவும் இல்லை.

விற்றவரிடம் கேட்டேன். "கேமராவில் மறுபடி ஃபார்மேட் செய்து பாருங்கள் சார்" என்று பதில் வந்தது. அப்புறம் உங்கள் கேமராவில்தான் கோளாறு என்றார்கள். அதற்கும் பிறகு, திருப்பித் தரும் காலக்கெடு முடிந்துவிட்டதாம். தளமும் கையை விரித்துவிட்டது. இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்ட ஒருவரும் நடுவில் வந்தார். பதியவே பதியாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அந்த ஆளுக்கும் அது தெரியாமல் இருக்காது.

போலியைக் கண்டுபிடிக்க உறையை உற்றுப் பார்ப்பதெல்லாம் வீண். கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அதற்கான மென்பொருள்கள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3), இரண்டும் இலவசம். 256 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். பொருள் வந்த அன்றே செய்துவிட்டால் திருப்பி அனுப்பும் உரிமை உங்கள் கையில் இருக்கும். ஒன்று, விண்டோஸ் 238 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். கார்டு செய்பவர்கள் 1000 வைத்தும் விண்டோஸ் 1024 வைத்தும் எண்ணுவதால் வரும் கணக்கு வித்தியாசம் அது, அசல் கார்டும் அப்படித்தான் காட்டும்.

வேகத்தையும் அதே சோதனையில் பார்த்துக்கொள்ளலாம். கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அதைச் சொல்வது வி30, வி60 போன்ற குறிகள். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி. 400 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் நொடிக்கு 50 எம்பி எழுத வேண்டும், அதற்கு வி30 உத்தரவாதம் தராது.

என் படத்தைக் காப்பாற்றியது தனி ஆடியோ ரெக்கார்டர். காலர் மைக்கின் ஒலி அதிலிருந்த வேறு கார்டில் முழுசாகப் பதிந்திருந்தது. பிழைத்த கிளிப்புகளை அலைவடிவம் பார்த்து ஒலியோடு பொருத்தினேன். மீதிக் குரலுக்கு அடியில் அவர் வீடு, கருவிகள், கைவேலை என்று வேறு காட்சிகளை வைத்தேன். ஆகவே கேமராவிலேயே ஒலி பதிகிறதே என்று ரெக்கார்டரை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். நேர்காணல் எடுக்கும் இடத்தில் கைகள், பொருள்கள், ஜன்னல் வெளிச்சம் என்று பத்து நிமிடக் காட்சியாவது கூடுதலாக எடுத்து வையுங்கள். இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவாக இருந்தால் இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியவிடுங்கள், இரண்டு கார்டையும் ஒரே கடையில் வாங்க வேண்டாம்.